காய்ச்சல் வருவதற்கு முன்பே டாக்டரைத் தேடுங்கள்

சித்தூர் டவுனில் சாயங்கால வேளையில் ஒரு வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தால், உள்ளே டாக்டர் வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்காலி கிடைத்தவர்களைவிடச் சுவரோரம் நிற்பவர்கள் அதிகம். மேசைக்குப் பின்னால் காம்பவுண்டரிடம் ஒரு நீட்டு நோட்டு. அன்றைய பெயர்கள் எண் போட்டு வரிசையாக இறங்கி, பக்கத்தின் அடியில் ஒரு கோட்டில் முடிகின்றன. அந்தக் கோட்டுக்குக் கீழே அவர் எழுத மாட்டார். குடிபாலா பக்கத்திலிருந்து பஸ் பிடித்து, காய்ச்சலடிக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு தாய் மேசையருகே நிற்பாள். "அயிப்போயிந்தம்மா, ரேப்பு ரண்டி" (முடிஞ்சிடுச்சும்மா, நாளைக்கு வாங்க) என்பார் காம்பவுண்டர். "நாளைக்குன்னா எப்படிங்க? ராத்திரியெல்லாம் உடம்பு கொதிச்சுதே" என்பாள் அவள். அவர் நோட்டைத் திருப்பிக் காட்டுவார். கோடு போட்டாயிற்று.

அந்தத் தாய்க்கு அதன் பிறகு மூன்று வழிகள்தான் தெரியும். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி இரண்டு வேளைக்கு மாத்திரை வாங்குவது. ஊரில் ஊசி போடும் 'ஆர்எம்பி'யிடம் போவது. அல்லது மறுநாள் வேலையை விட்டுவிட்டு, திருப்பதிக்கோ வேலூருக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது. முதல் இரண்டும் ஆபத்து. மூன்றாவதில் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். மாங்காய் சீசனில், கூழ் ஃபாக்டரிகளில் வேலை நிறைய இருக்கும் மாதங்களில், அந்த ஒரு நாள் கூலி சின்ன இழப்பல்ல.

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும்போதே வீட்டுக்கு ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுத்து, அவருக்குக் குடும்பத்தை அறிமுகப்படுத்தி வைப்பது. அதை எங்கே, எப்படிச் செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம்.

கூட்டம் எங்கிருந்து வருகிறது

இந்தப் பகுதியில் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை. திருப்பதியில் அலிபிரி சாலைப் பக்கம் ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது. 1960இல் தொடங்கிய எஸ்.வி. மருத்துவக் கல்லூரியின் போதனா மருத்துவமனை அது. அதன் அருகிலேயே ஸ்விம்ஸ். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993இல் திறக்கப்பட்டு, 1995இல் பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது. எலும்பு, மூட்டு, ஊனம் சார்ந்த சிகிச்சைக்குத் தேவஸ்தானத்தின் பர்டு. குழந்தைகளின் இதயத்துக்கு 2021 அக்டோபரில் திறந்த பத்மாவதி இருதயாலயம். சித்தூரில் மாவட்ட அரசு மருத்துவமனை. குப்பத்தில் பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் வேலூர் சி.எம்.சி. அதற்குக் குடிபாலா மண்டலத்திலேயே சித்தூர் வளாகம் ஒன்றும் உண்டு.

இருந்தும் வரிசை குறையவில்லை. காரணம், இவற்றில் பெரும்பாலானவை ஒரு நோய்க்கான இறுதி இடங்கள். இதய வால்வு, சிறுநீரகம், மூளை நரம்பு, புற்றுநோய் என்று பார்ப்பதற்காகக் கட்டப்பட்டவை. அங்கே ஓபி வரிசையில் நிற்பவர்களில் ஒரு பகுதியினர், ஊரில் ஒரு சாதாரண எம்பிபிஎஸ் டாக்டர் பார்த்து முடித்திருக்கக்கூடிய தலைவலிக்கும் நெஞ்செரிச்சலுக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் வந்தவர்கள். அவர்கள் வருவது தவறல்ல. முதலில் பார்க்க ஆளில்லாததால் கடைசி இடத்துக்கு வருகிறார்கள். அதனால் உண்மையில் நரம்பு டாக்டர் தேவைப்படுபவரும் அதே வரிசையில் பின்னால் நிற்கிறார்.

இது இந்த ஊருக்கு மட்டும் உள்ள சங்கடமில்லை. குடும்ப டாக்டர் முறையைச் சட்டபூர்வமாகவே வைத்திருக்கும் இங்கிலாந்தில், காலை எட்டு மணிக்கு போன் லைன் திறந்த உடனே ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் டயல் செய்து காத்திருப்பது பல ஆண்டுகளாக அங்குள்ள அரசியல் பிரச்சினை. லண்டனில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழக்கமான காலை வேலை. ஆனால் அங்கே ஒவ்வொருவர் பெயரும் ஏதோ ஒரு டாக்டரின் பட்டியலில் இருக்கிறது. இங்கே பெரும்பாலான குடும்பங்களின் பெயர் யாருடைய பட்டியலிலும் இல்லை. அந்தப் பட்டியலைக் குடும்பமே தன் முயற்சியில் உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரே டாக்டரிடம் போவதில் என்ன லாபம்

2017இல் வெளியான ஓர் ஆய்வு, 67 நாடுகளில் முதல்நிலை டாக்டர்கள் ஒரு நோயாளிக்குச் செலவிடும் சராசரி நேரத்தைத் தொகுத்தது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். வங்கதேசத்தில் 48 நொடி. இந்தியாவில் சுமார் 2 நிமிடம்.

இரண்டு நிமிடத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் உடம்பை எந்த டாக்டராலும் முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் கதை வேறு. இந்த அம்மாவுக்குச் சர்க்கரை எட்டு வருஷமாக இருக்கிறது, இன்ன மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டுக்காரருக்குப் போன வருஷம் ஸ்டென்ட் வைத்தது, பையன் சென்னையில் இருப்பதால் இவரே தனியாகச் சமாளிக்கிறார் என்பதெல்லாம் டாக்டருக்குத் தெரிந்திருந்தால், அந்த இரண்டு நிமிடமும் இன்றைய தொல்லைக்கே கிடைக்கும்.

நார்வேயில் 2001 முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் பெயர் குறித்த ஒரு டாக்டர் உண்டு. அங்கே 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வில், ஒரே டாக்டரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு, டாக்டர் மாறி ஓராண்டே ஆனவர்களைவிட ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 சதவீதமும், இறக்கும் வாய்ப்பு 25 சதவீதமும் குறைவாக இருந்தது. ஒன்பது நாடுகளின் 22 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த இன்னொரு கட்டுரையிலும், 18 ஆய்வுகள் இதே திசையைக் காட்டின. நார்வேயின் எண்கள் பலமனேருக்கோ நகரிக்கோ அப்படியே பொருந்தாது. காரணம் மட்டும் எங்கும் ஒன்றுதான். நோயாளியை அறிந்த டாக்டர் தேவையில்லாத பரிசோதனை எழுதுவதில்லை. தேவையானதைத் தள்ளிப்போடுவதுமில்லை.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு

ஆந்திர அரசு 2022 அக்டோபரில் சோதனையாகத் தொடங்கி, 2023 ஏப்ரல் 6ஆம் தேதி பல்நாடு மாவட்டம் லிங்கம்குண்ட்லாவில் முறைப்படி ஆரம்பித்த திட்டத்துக்கு 'ஃபேமிலி டாக்டர்' என்றே பெயர். ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரண்டு டாக்டர்கள். ஒருவர் நிலையத்திலேயே ஓபி பார்ப்பார். மற்றவர் 104 என்ற நடமாடும் மருத்துவ வண்டியில் கிராமங்களுக்குப் போவார். ஒரு கிராமத்துக்கு மாதத்தில் இரண்டு முறை. காலையில் கிராம கிளினிக்கில் நோயாளிகள். பிற்பகலில் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடு, அங்கன்வாடி, பள்ளிக்கூடம். கிராம கிளினிக்கில் 14 வகைப் பரிசோதனைகளும் 105 வகை மருந்துகளும் கிடைக்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2020 ஜூலை 1இல் விஜயவாடாவில் ஒரே நாளில் கொடியசைத்து அனுப்பிய 1,088 மருத்துவ வண்டிகளில் 656 வண்டிகள் இந்த 104 வகை.

2024இல் ஆட்சி மாறியது. பெயர்ப் பலகைகளும் மாறின. அரசின் இலவசச் சிகிச்சைத் திட்டமான ஆரோக்யஸ்ரீ, டாக்டர் என்.டி.ஆர். வைத்ய சேவா ஆனது. பெயரைத் தேடிக் குழம்ப வேண்டியதில்லை. ஊரில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "நூத்தி நாலு வண்டி நம்ம ஊருக்கு எந்தத் தேதி? டாக்டர் கூட வர்றாரா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் ஆஷா பணியாளர். அடுத்து ஏஎன்எம். கிராம கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் நர்சிங் பட்டதாரி அதிகாரியிடமும் கேட்கலாம். தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, வீட்டில் போன் வைத்திருக்கும் ஒருவரின் எண்ணை ஆஷாவிடம் கொடுத்து வைக்க வேண்டும். வண்டி வராமல் தேதி தள்ளிப்போனால் அவர்தான் சொல்வார். இந்த ஒரு ஏற்பாடு இல்லாமல்தான் பல வீடுகளில், வண்டி வந்து திரும்பிய பிறகு சேதி தெரிகிறது.

இந்த வழி யாருக்கு நன்றாக ஒத்துவரும்? ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு என்று மாதாமாதம் மாத்திரை வாங்குபவர்களுக்கு. கர்ப்பிணிகளுக்கு. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவர்கள் உள்ள வீடுகளுக்கு. படுக்கையில் இருப்பவரைச் சுமந்துகொண்டு டவுனுக்கு ஆட்டோ பிடிப்பதற்குப் பதில், அவர் பெயரை வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டியவர்கள் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஆஷாவிடமும் ஏஎன்எம்மிடமும் கேட்க வேண்டும். கேட்காத வீட்டின் பெயர் பட்டியலில் தானாக ஏறுவதில்லை.

இரண்டு தேதிகளுக்கு நடுவில் காய்ச்சல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. சமவெளியில் 30,000 பேருக்கும், மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஒன்று என்பது நாட்டு அளவுகோல். ஞாயிறு ஓபி இல்லாததால் திங்கட்கிழமை காலையில் கூட்டம் சேரும். அவசரமில்லாத விஷயத்துக்குப் புதன், வியாழனில் போகிறவர்களுக்கு டாக்டரிடம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

டவுனில் இருப்பவர்களுக்கு

திருப்பதி, சித்தூர் மாநகராட்சிப் பகுதிகளில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 50,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அங்கே இருப்பவர் எம்பிபிஎஸ் டாக்டர், மருந்து இலவசம். ஆனாலும் தடுப்பூசிக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டுமான இடம் என்று நினைத்துப் பலர் கடந்து போகிறார்கள். ரூயாவில் அரை நாள் நின்று வாங்கும் ரத்த அழுத்த மாத்திரை, தெருமுனையில் இருக்கும் இந்த நிலையத்திலேயே கிடைக்கக்கூடியது.

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள் கையில் ஒரு சாவி இருக்கிறது. சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கமுள்ள அந்த ஃபாக்டரிகளுக்குத் தமிழ் கிராமங்களிலிருந்து நிறையப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். அந்தப் பிடித்தத்துக்கு ஈடாக, தொழிலாளியும் அவரை நம்பியிருக்கும் குடும்பமும் ஒரு குறிப்பிட்ட இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியோடு இணைக்கப்படுகிறார்கள். பெயர் பதிந்த டாக்டர் என்ற முறைக்கு இந்தப் பகுதியில் மிக அருகில் வருவது இதுதான். எந்த டிஸ்பென்சரி என்று கம்பெனியின் எச்ஆர் பிரிவில் கேட்டு, அப்பா அம்மா பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு லீவு நாளில் நேரில் போய்க் கார்டைக் காட்டி வர வேண்டும்.

தனியார் கிளினிக்கைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், கவனிக்க வேண்டியவை சில.

முதலில், போர்டில் இருக்கும் பட்டத்துக்குக் கீழே பதிவு எண் இருக்கிறதா? கிளினிக்கிலும், எழுதிக் கொடுக்கும் சீட்டிலும் டாக்டர் தன் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. எண் இல்லாத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. ஆர்எம்பி என்று ஊரில் அழைக்கப்படுபவர்கள் நல்ல மனசோடு நள்ளிரவிலும் வருபவர்களாக இருக்கலாம். ஆனாலும் எம்பிபிஎஸ் படிக்காத ஒருவர் போடும் ஸ்டீராய்டு ஊசியில் காய்ச்சல் மறைந்து, நோய் உள்ளேயே வளரும். டெங்கு பரவும் ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் வலிமாத்திரை, ஊசி என்று ஆரம்பிப்பது உயிருக்கே உலை வைக்கும்.

அடுத்து, அவர் எல்லா வயதினரையும் பார்க்கிறாரா? எம்பிபிஎஸ் முடித்து நெடுநாளாகப் பொது மருத்துவம் பார்ப்பவர், அல்லது குடும்ப மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. படித்தவர் என்றால் பாட்டி முதல் பேரன் வரை ஒரே இடம். வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய நிறுவனங்களிலும் குடும்ப மருத்துவத்துக்கென்று தனித் துறை இருக்கிறது. எந்த ஸ்பெஷலிஸ்டிடம் போவது என்று தெரியாத நோயாளி, அந்த வாசல் வழியாக நுழைவதே நல்லது.

கடைசியாக, வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடியுமா? புகழ்பெற்ற டாக்டர் எழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அவர் நல்ல டாக்டராக இருக்கலாம், குடும்ப டாக்டராக இருக்க முடியாது.

டோக்கன் கிடைக்கும் நேரம்

ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சில இடங்களில் காலையிலேயே போனில் பெயர் எழுதுவார்கள். சில இடங்களில் நேரில் வந்து சொன்னால்தான் எண். சிலர் மறுநாளுக்கும் எழுதிக்கொள்வார்கள். இதையெல்லாம் உடம்பு சுகமில்லாத நாளில் கண்டுபிடிக்க முடியாது. கூட்டமில்லாத ஒரு நேரத்தில் காம்பவுண்டரிடமோ ரிசப்ஷனிலோ நின்று, எத்தனை மணிக்குப் பெயர் எழுத ஆரம்பிப்பார்கள், எத்தனை பேரோடு நிறுத்துவார்கள், மாத்திரைச் சீட்டு புதுப்பிக்க மட்டும் வருபவர்களுக்குத் தனி நேரம் உண்டா, டாக்டர் ஊரில் இல்லாத நாளில் யாரைப் பார்க்கச் சொல்வார் என்ற நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். "அண்ணா, சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல்னா நடுவுல பாப்பாங்களா?" என்று அன்றே கேட்டு வைப்பது நல்லது. பல கிளினிக்குகளில் கைக்குழந்தைக்கும் மூச்சுத் திணறலுக்கும் வரிசை கிடையாது. கேட்கத் தெரியாததால்தான் பலர் கடைசி வரை நிற்கிறார்கள்.

அரசு மருத்துவமனைகளின் ஓபி சீட்டுக்கு இப்போது செல்போன் கைகொடுக்கிறது. 2021 செப்டம்பரில் தேசிய அளவில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் 'ஆபா' என்ற 14 இலக்க ஆரோக்கிய எண் தரப்படுகிறது. பதிவுக் கவுன்ட்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஆபா செயலியில் ஸ்கேன் செய்தால், பெயர், வயது, முகவரி எல்லாம் தானாகப் போய், டோக்கன் எண் போனிலேயே வரும். எழுதுவதற்கு நிற்கும் வரிசை மிச்சம். தெலுங்கில் படிவம் நிரப்பத் தெரியாத தமிழ்ப் பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. ஆதாரோடு இணைந்த போன் எண் கையில் இருக்க வேண்டும் என்பதால், வீட்டில் இளைஞர் யாராவது முன்கூட்டியே எல்லோருக்கும் ஆபா எண் எடுத்து வைப்பது நல்லது.

சி.எம்.சி. போக வேண்டியிருந்தால், பஸ் ஏறுவதற்கு முன்பே ஆன்லைனில் தேதி வாங்க வேண்டும். பொதுப் பிரிவு, தனிப் பிரிவு என்று இரண்டு கட்டண வகைகள் உண்டு. ஒருமுறை கொடுத்த ஆஸ்பத்திரி எண் ஆயுளுக்கும் அதே எண். பழைய கார்டைத் தொலைத்துவிட்டுப் புது எண் வாங்கினால் பழைய ரிப்போர்ட்டெல்லாம் பழைய எண்ணிலேயே தங்கிப்போகும்.

இரண்டு நிமிடத்துக்கான தயாரிப்பு

உள்ளே போனதும் பலருக்குப் பேச்சு மறந்துவிடுகிறது. தெலுங்கில் கேட்கும் டாக்டரிடம் தமிழில் தொடங்கித் திணறுபவர்களும் உண்டு. அதற்கு ஒரு முழுப் பக்கத் தாள் போதும். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து எழுத வேண்டியது இது:

தொல்லை என்ன, எந்த நாள் ஆரம்பித்தது, எப்போது அதிகமாகிறது. இப்போது சாப்பிடும் மாத்திரைகள் ஒவ்வொன்றும், எத்தனை வேளை. நாட்டு மருந்து சாப்பிட்டால் அதுவும். ஒத்துக்கொள்ளாத மருந்து. முன்பு நடந்த ஆபரேஷன், வருஷத்தோடு. அப்பா அம்மாவுக்கு இருந்த சர்க்கரை, இதய நோய். கடைசியாக, டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரே முக்கியமான கேள்வி.

எடுத்துக்காட்டுக்கு, புத்தூர் பக்கம் அறுபது வயது விவசாயி ஒருவர் "காலு நோவுதுங்க" என்று மட்டும் சொன்னால், டாக்டர் வலிமாத்திரை எழுதி அடுத்தவரை அழைப்பார். அதே ஆள் தாளில் "நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் சரியாகிறது, மூன்று மாதமாக, பீடி முப்பது வருஷம், சர்க்கரை உண்டு" என்று எழுதிக் கொண்டுபோனால், ரத்தக் குழாய் அடைப்பைப் பற்றி டாக்டர் அந்த நிமிடமே யோசிப்பார். நேரம் அதே இரண்டு நிமிடம்தான்.

பழைய சீட்டுகளை பிளாஸ்டிக் கவரில் மடித்துத் திணிக்காமல், தேதி வாரியாக ஒரு ஃபைலில் கோத்து வைப்பது நல்லது. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் தன் பதிவுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மேலே சொன்ன 2002 விதிகளிலேயே இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு தாள் இருந்தாலும் குடும்ப டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

போனில் டாக்டர்

2000 மார்ச் 24ஆம் தேதி, அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் ஹைதராபாத்திலிருந்து தொடங்கிவைத்த ஒரு மையம், சித்தூர் மாவட்டத்தின் அரகொண்டா கிராமத்தில் இருந்தது. அப்பல்லோ நிறுவனர் பிரதாப் சி. ரெட்டியின் சொந்த ஊர் அது. செயற்கைக்கோள் இணைப்பு வழியாகத் தொலைதூர டாக்டர் கிராமத்து நோயாளியைப் பார்ப்பது இந்தியாவில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த இடங்களில் அரகொண்டாவும் ஒன்று.

இப்போது அந்த வசதி அரசு கிராம கிளினிக்கிலேயே கிடைக்கிறது. இ-சஞ்சீவனி என்ற மத்திய அரசுச் சேவையில், கிளினிக் அதிகாரி ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துப் பதிந்து, வேறு ஊரில் இருக்கும் டாக்டரோடு வீடியோவில் பேச வைப்பார். வீட்டிலிருந்தே செயலி வழியாகவும் டோக்கன் எடுக்கலாம். மருந்துச் சீட்டு போனுக்கே வரும். 2023 பிப்ரவரியில் நாடு முழுவதும் இந்தச் சேவையில் 10 கோடி ஆலோசனைகள் நிறைவடைந்தபோது, அவற்றில் 3 கோடிக்கு மேல் ஆந்திராவிலிருந்து. எந்த மாநிலத்தையும்விட அதிகம்.

தொலைமருத்துவத்துக்கு 2020 மார்ச் 25 முதல் தேசிய வழிகாட்டு நெறிகள் உண்டு. முதல்முறை பேசும் நோயாளிக்குச் சில வகை மருந்துகளை வீடியோவில் பார்த்த பிறகே எழுதலாம். போதை வகை மருந்துகளை எழுதவே கூடாது. ஆகவே தூக்க மாத்திரை கேட்டு டாக்டர் மறுத்தால் கோபப்படக் கூடாது. சர்க்கரை மாத்திரை தொடர்வது, ரிப்போர்ட் காட்டுவது, தோல் அரிப்பு, எந்த டாக்டரிடம் போவது என்று கேட்பது ஆகியவற்றுக்கு இது நல்ல வழி. வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டிய வலிக்கு நேரில்தான் போக வேண்டும். மனசு சரியில்லை, தூக்கமில்லை, சாகத் தோன்றுகிறது என்றால் 14416. டெலி-மானஸ் எண்ணான இதில் தமிழிலும் பேசலாம், எந்த நேரமும் பேசலாம்.

வரிசையில் நிற்கக் கூடாதவை

சில தொல்லைகளுக்கு டோக்கனும் குடும்ப டாக்டரும் கிடையாது. நேராக 108 ஆம்புலன்ஸ்.

நெஞ்சு இறுக்கம், வியர்வையோடு. ஒரு பக்கக் கை கால் தளர்வு, வாய் கோணல், பேச்சுக் குழறல்: பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மூச்சு வாங்கிப் பால் குடிக்க முடியாத குழந்தை. கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, வலிப்பு. பாம்புக் கடி: கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். டெங்குக் காய்ச்சல் இறங்கும் நாளில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து சுருண்டு படுப்பது: காய்ச்சல் விட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

நாய் கடித்தால் முதலில் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் ரேபிஸ் தடுப்பூசி. எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்குப் போகும் பழக்கம் இந்தப் பகுதியில் தலைமுறைகளாக இருக்கிறது. தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலோ, விரல்கள் மரத்து ஜில்லிட்டாலோ, கட்டுக்குப் போவதில் நேரம் கழிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

முதல் சந்திப்பு

இவ்வளவும் தெரிந்த பிறகு செய்ய வேண்டிய முதல் வேலை, யாருக்கும் உடம்பு சரியில்லாத ஒரு வாரத்தில் டாக்டரைப் போய்ப் பார்ப்பது. முப்பது வயது தாண்டிய எல்லோருக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லலாம். அரசு நிலையங்களில் அது இலவசம். குடும்பத்தில் யார் யார், என்ன என்ன நோய் என்று எழுதிய தாளை டாக்டரிடம் காட்டி, "இனிமே எங்க வீட்டுல யாருக்கு எதுன்னாலும் உங்ககிட்டத்தான் சார் வருவோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா நீங்க சொல்லுங்க" என்று சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான டாக்டர்களுக்கு இப்படிச் சொல்லும் நோயாளி அபூர்வம். பெயர் நினைவில் நிற்கும்.

அவர் ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பினால், எதற்காக அனுப்புகிறார் என்று இரண்டு வரி எழுதி வாங்க வேண்டும். ஸ்விம்ஸிலோ ரூயாவிலோ எந்தத் துறையின் ஓபிக்குப் போவது என்று அந்தக் கடிதமே வழி காட்டும். அங்கே சேர்த்துச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று முடிவானால், நெட்வொர்க் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆரோக்யமித்ரா மேசையில் வைத்ய சேவா தகுதியைக் கேட்க வேண்டும். அந்தத் திட்டம் பெரும்பாலும் படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கானது. மாதாந்திரச் சந்திப்புக்கு அதை நம்பியிருக்க முடியாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் தொடர்ந்து இல்லை, 104 வண்டி சொன்ன தேதியில் வருவதில்லை என்றால், முதலில் நிலையத்தின் டாக்டரிடமும் பஞ்சாயத்திலும் சொல்லிப் பார்க்க வேண்டும். பலனில்லை என்றால் திங்கட்கிழமைதோறும் சித்தூர், திருப்பதி கலெக்டர் அலுவலகங்களில் நடக்கும் மக்கள் குறைதீர்ப்பில் மனு கொடுக்கலாம். வண்டி வராத தேதிகளை ஊர்ப் பெயரோடு வரிசையாக எழுதி, பாதிக்கப்பட்ட சில குடும்பங்களின் கையெழுத்தோடு போனால், மனுவுக்குப் பதிவு எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து அடுத்த திங்கட்கிழமை தொடர்ந்து கேட்க வேண்டும்.